கறிவேப்பிலைச் செடியில் வரும் புழுவைப் பட்டாம்பூச்சியாக வளர்த்து விடுவது எப்படி

கறிவேப்பிலை பறிக்கப் போகும்போது இலை மேல் காக்கையோ சின்னானோ எச்சம் போட்ட மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக, ஈரப் பளபளப்போடு ஏதாவது ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே தட்டிவிடாதீர்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். எச்சம் என்றால் வழிந்திருக்கும், இது இலையின் நடு நரம்பு மேல் ஒழுங்காகப் படுத்திருக்கும். இது ஒரு புழு. பெரும்பாலும் கறிவேப்பிலை அழகி என்கிற பட்டாம்பூச்சியின் புழுவாக இருக்கும், ஆங்கிலப் பெயரில் காமன் மார்மன், அறிவியல் பெயர் பாபிலியோ பாலிட்டிஸ். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்கு ஆசியா வரைக்கும் பறக்கிற இனம் இது. காட்டுக்குப் போய்த் தேட வேண்டியதில்லை, மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை இருந்தாலே தேடி வந்துவிடும்.

இந்தப் புழுவைக் கொன்றால்தான் செடி பிழைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக வேர் பிடித்த செடி நாலைந்து புழுக்கள் தின்பதால் சாகாது, வெட்டிவிட்ட மாதிரி மறுபடி துளிர்க்கும். கவலைப்பட வேண்டியது முழ உயரம் மட்டுமே இருக்கிற கன்றுக்குத்தான். அப்படிப்பட்ட கன்றில் புழு இருந்தால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றிவிடலாம், இல்லாவிட்டால் நான் கீழே சொல்கிற மாதிரி தனியாக வைத்து வளர்க்கலாம். முட்டையிலிருந்து இறக்கை வரை, வெயிலையும் குளிரையும் பொறுத்து, ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் முன்பின் ஆகும்.

முதலில் முட்டையைக் கண்டுபிடிக்கப் பழகிக்கொள்ளுங்கள், அது தெரிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். தாய்ப் பட்டாம்பூச்சி செடியைச் சுற்றிச் சுற்றிப் பறக்கும், ஆனால் பூவைத் தேடுவது போல இருக்காது, இலையைத் தொட்டுத் தொட்டுப் பறக்கும். முன்னங்கால்களால் இலையைத் தட்டிப் பார்க்கிறது, அந்தக் கால்களில் சுவையறியும் உறுப்புகள் இருக்கின்றன. தட்டிப் பார்த்துத்தான் இது தன் பிள்ளைகள் தின்கிற இலையா என்று முடிவு செய்கிறது. கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, சாத்துக்குடி, வில்வம் எல்லாமே ஒரே தாவரக் குடும்பம், வாசனை எண்ணெய் உள்ள இலைகள், அவற்றில்தான் இடும். சரி என்று பட்டால் வாலை வளைத்து ஒரே ஒரு முட்டையை வைத்துவிட்டு அடுத்த இலைக்குப் போய்விடும். கொத்தாக இடாது. முட்டை கடுகை விடக் கொஞ்சம் சின்னதாக, வெளிர் மஞ்சளாக, முத்து மாதிரி உருண்டையாக இருக்கும். இளந்துளிரில்தான் அதிகம் பார்க்கலாம், ஏனென்றால் பிறந்த புழுவால் முற்றிய இலையைக் கடிக்க முடியாது. அதனால் உங்கள் செடிக்குப் பட்டாம்பூச்சி வரவேண்டும் என்றால் நுனிகளைக் கிள்ளிவிடுங்கள், துளிர் விட்டதும் தானாக வரும். மழை தொடங்கி செடிகள் துளிர்க்கும் மாதங்களில் ரொம்பத் தேட வேண்டியிருக்காது.

ஒரு விஷயம் இங்கேயே சொல்லிவிடுகிறேன். எலுமிச்சை அழகி என்று இன்னொரு பட்டாம்பூச்சி உண்டு, அதுவும் இதே செடிகளில் முட்டையிடும், அதன் புழுவும் சின்ன வயதில் எச்சம் மாதிரியே இருக்கும். குட்டியாக இருக்கும்போது இரண்டையும் பிரித்துச் சொல்லப் பழக்கம் வேண்டும். வளர்க்கும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆகவே எது வந்தாலும் கவலை வேண்டாம். கடைசியில் இறக்கை விரியும்போது இறக்கையெல்லாம் கறுப்பும் மஞ்சளும் கட்டம் கட்டமாக, பின் இறக்கையில் வால் இல்லாமல், ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டோடு இருந்தால் அது எலுமிச்சை அழகி. கறிவேப்பிலை அழகிக்குப் பின் இறக்கையில் வால் உண்டு.

எத்தனை எடுப்பது? முதல் தடவை என்றால் இரண்டு, மிஞ்சிப் போனால் மூன்று. கையில் எத்தனை இலை இருக்கிறதோ அத்தனைக்குத்தான் புழு. மீதியைச் செடியிலேயே விட்டுவிடுங்கள், அவற்றில் சிலவற்றைக் குளவி தூக்கிக்கொண்டு போகும், சிலவற்றைக் குருவி கொத்தும், தேன்சிட்டு தன் குஞ்சுக்குக் கொண்டு போகும். அதுவும் நடக்க வேண்டியதுதான்.

செடி தொட்டியில் இருந்தால் நல்ல வழி, புழு இருக்கிற கிளையையே கொசுவலைத் துணியால் பை மாதிரி மூடி இரண்டு பக்கமும் நாடாவால் கட்டிவிடுவது. இலை வாடாது, காற்று வரும், நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை, இலை தீர்ந்தால் பையை அடுத்த கிளைக்கு மாற்றினால் போதும். ஆனால் கட்டுவதற்கு முன்னால் உள்ளே சிலந்தியோ எறும்போ இருக்கிறதா என்று ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பாருங்கள், உள்ளே ஒரு சிலந்தி மாட்டிக்கொண்டால் புழுவுக்குத் தப்பிக்க வழியில்லை.

வீட்டுக்குள் வைப்பதென்றால் சாப்பாட்டை மூடி வைக்கிற வலைக் கூடை ரொம்ப வசதி. இல்லாவிட்டால் அகலமான பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுத்து, மூடிக்குப் பதில் பழைய வேட்டித் துணியை ரப்பர் பேண்டு போட்டுக் கட்டுங்கள். மூடியில் ஆணி அடித்து ஓட்டை போடுகிற வேலை வேண்டாம், காற்று போதாமல் உள்ளே வேர்த்துவிடும், வேர்த்தால் பூஞ்சை வரும். அடியில் ஒரு செய்தித்தாள். அதன் மேல் சின்ன மருந்து பாட்டிலில் தண்ணீர் ஊற்றி, இணுக்காக இல்லாமல் கிளையாகவே கறிவேப்பிலையைச் செருகி வையுங்கள், அப்படி வைத்தால் இரண்டு நாள் வாடாது. பாட்டில் வாயில் பஞ்சு அடைப்பது மிக முக்கியம். புழு தண்டு வழியாகக் கீழே இறங்கி நேராகத் தண்ணீருக்குள் போய் மூழ்கிவிடும், திரும்பி வரத் தெரியாது. பெட்டியை ஜன்னல் பக்கம் வெளிச்சத்தில் வைக்கலாம், ஆனால் நேர் வெயில் படக்கூடாது. பிளாஸ்டிக் டப்பா வெயிலில் பத்து நிமிடம் இருந்தாலே உள்ளே அடுப்பு மாதிரி ஆகிவிடும்.

எறும்பு வராமல் பார்த்துக்கொள்ள நம் வீட்டுப் பழைய முறையே போதும், ஒரு ஸ்டூல் மேல் பெட்டியை வைத்து ஸ்டூல் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். முட்டையையும் குட்டிப் புழுவையும் கட்டெறும்பு ஒரே இரவில் காலி செய்துவிடும். பல்லிக்கு வலை.

இலை விஷயத்தில் எனக்கு நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் ஆறு புழுக்களை வைத்துக்கொண்டேன், எல்லாம் நன்றாகப் பெரிதாகி, என் செடி மொட்டையாகிவிட்டது. சரி, கடையில் வாங்கிப் போடலாம் என்று ஒரு கட்டு வாங்கி வந்து, நன்றாக மூன்று தண்ணீர் அலசி, துடைத்துத்தான் வைத்தேன். சாயங்காலம் வைத்தது, விடியற்காலையில் பார்த்தால் ஆறும் துவண்டு கிடந்தன, வாயில் பச்சையாக நீர் வழிந்திருந்தது. மருந்தடித்த இலை. பூச்சிக்கொல்லி தண்ணீரில் அலசினால் போய்விடும் என்று நினைத்தது என் தவறு, சில மருந்துகள் இலைக்குள்ளேயே ஊறியிருக்கும். அந்தக் காலையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆகவே வெளி இலை கண்டிப்பாக வேண்டாம். பக்கத்து வீட்டுச் செடி என்றாலும் வேப்பெண்ணெய் அடித்தீர்களா என்று கேட்டுவிட்டுப் பறியுங்கள். அப்புறம், கறிவேப்பிலையில் பிறந்த புழுவுக்குத் திடீரென்று எலுமிச்சை இலை போட்டால் பெரும்பாலும் தொடாது, பட்டினி கிடக்கும். எதில் பிறந்ததோ அதையே கடைசி வரை கொடுங்கள்.

முட்டை மூன்று நான்கு நாளில் பொரியும். பொரிவதற்கு முன் நிறம் மங்கி உள்ளே கறுப்பாகத் தெரியும். வெளியே வந்ததும் புழு முதலில் தின்பது தன் முட்டை ஓட்டைத்தான், அதனால் ஓட்டைத் துடைத்துச் சுத்தம் செய்துவிடாதீர்கள். அதன் பிறகு நான்கு தடவை தோல் உரிக்கும், அதாவது ஐந்து பருவம். முதல் நான்கு பருவமும் பறவை எச்ச வேடம். எந்தக் குருவியும் தன் எச்சத்தைக் கொத்தித் தின்னாது, அதனால்தான் இப்படி இலை மேல் பட்டப்பகலில் பயமில்லாமல் படுத்திருக்கிறது. பளபளப்பு கூட ஈரம் காயாத எச்சத்தின் பளபளப்பு.

தோல் உரிப்பதற்கு முன் ஒரு நாள் அசையாமல், தின்னாமல் கிடக்கும். நோய் வந்துவிட்டது என்று பயந்து தொட்டு நகர்த்திவிடுகிறார்கள், அதுதான் ஆபத்து. இலையில் பட்டு நூலால் ஒரு மெத்தை நெய்து அதில் கால்களைக் கோத்துப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்தப் பிடியில் இருந்துகொண்டுதான் பழைய தோலுக்குள்ளிருந்து வெளியே வர முடியும். நகர்த்தினால் தோலில் பாதியிலேயே சிக்கிக்கொள்ளும். எப்போதுமே புழுவைக் கையால் எடுக்காதீர்கள், அது இருக்கிற இலையை வெட்டிப் புது இலை மேல் வைத்தால் தானாக ஏறிக்கொள்ளும். தினமும் ஒரு தடவை செய்தித்தாளை மாற்றுங்கள். புழு போடும் எச்சம் காய்ந்த மிளகு மாதிரி இருந்தால் ஆரோக்கியம், தண்ணீராக இருந்தால் ஈரம் அதிகம் என்று அர்த்தம், துணியைக் கழற்றிக் காற்றாட விடுங்கள்.

நான்காவது தடவை தோலுரித்ததும் கிடைக்கிற ஆச்சரியத்துக்காகவே இதை வளர்க்கலாம். நேற்று வரை எச்சமாக இருந்தது இன்று பச்சைப் பசேல் என்று இலை நிறத்தில், பக்கவாட்டில் சாய்ந்த பழுப்புப் பட்டைகளோடு, முன்னால் பெரிய இரண்டு கண்களோடு இருக்கும். அந்தக் கண்கள் நிஜக் கண்கள் இல்லை, நெஞ்சுப் பகுதியில் தோலில் வரைந்த புள்ளிகள்தான், உண்மையான தலை அதற்குக் கீழே சின்னதாக மடங்கியிருக்கும். எச்சத்தை விடப் பெரிதாகிவிட்ட புழு எச்சம் மாதிரி இருந்தால் யாரும் நம்ப மாட்டார்கள், உடம்பு பெருத்த பிறகு வேறு வேடம் தேவைப்படுகிறது என்று நான் புரிந்துகொள்கிறேன். இந்தப் பருவத்தில் லேசாக ஒரு குச்சியால் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து பாம்பு நாக்கு மாதிரி பிளந்த சிவப்புக் கொம்பு ஒன்று வெளியே நீளும், ஊசிப்போன வெண்ணெய் மாதிரி ஒரு காட்டமான வாடை வரும். எறும்பு, சிலந்தி போன்றவற்றை விரட்டுவதற்கான ஏற்பாடு அது, நம்மை ஒன்றும் செய்யாது, கொட்டாது, அரிக்காது. குழந்தைகளுக்கு ஒரு தடவை காட்டுங்கள், திரும்பத் திரும்பச் சீண்டவிடாதீர்கள்.

இதுவரை தின்றது எல்லாம் ஒன்றுமில்லை, வாழ்நாளில் தின்கிற இலையில் பெரும்பகுதியை இந்தக் கடைசிப் பருவத்தில்தான் தின்னும். காலையில் வைத்த கிளை சாயங்காலம் வெறும் நரம்பாக நிற்கும். இரண்டு மூன்று புழு போதும் என்று நான் மேலே சொன்னதற்குக் காரணம் இதுதான்.

ஐந்தாறு நாள் கழித்துத் திடீரென்று தின்பதை நிறுத்தி, வயிற்றிலிருப்பதையெல்லாம் தண்ணீராகக் கழித்துவிட்டு, பெட்டிக்குள் வேக வேகமாகச் சுற்ற ஆரம்பிக்கும். பயப்பட வேண்டாம், கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. அப்போது பெட்டிக்குள் இரண்டு மூன்று குச்சிகளைச் சாய்த்து வையுங்கள், பச்சைத் தண்டு ஒன்று, காய்ந்த சொரசொரப்பான சுள்ளி ஒன்று என்று வைத்தால் இன்னும் நல்லது. இடத்தை முடிவு செய்ததும் வால் பக்கம் ஒரு பட்டுத் திண்டு நெய்து பிடித்துக்கொள்ளும். அப்புறம் பனையேறி இடுப்பில் வடம் கட்டிச் சாய்ந்து நிற்கிற மாதிரி, ஒரு நூலை இடுப்பைச் சுற்றிப் போட்டுக்கொண்டு பின்னால் சாய்ந்து நிற்கும். மறுநாள் கடைசித் தோலையும் உரித்துப் போட்டுவிட்டுக் கூட்டுப்புழுவாகிவிடும். இந்த ஒரு நாள் மட்டும் பெட்டியைத் தூக்கவோ ஆட்டவோ கூடாது.

கூட்டுப்புழு பச்சையாகவும் இருக்கலாம், பழுப்பாகவும் இருக்கலாம், அது ஆணா பெண்ணா என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, பிடித்த இடம் எப்படிப்பட்டது என்பதைப் பொறுத்தது. வழவழப்பான பச்சைத் தண்டில் பச்சை, காய்ந்த சுள்ளியில் பழுப்பு என்று பெரும்பாலும் அமையும். அதனால்தான் இரண்டு விதக் குச்சியும் வைக்கச் சொன்னேன், ஒரே தாய் இட்ட முட்டைகளிலிருந்தே இரண்டு நிறமும் வருவதைப் பார்க்கலாம்.

நூல் அறுந்து கூட்டுப்புழு கீழே விழுந்துவிட்டால் செத்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். மெல்லிய துணி மேல் படுக்க வைத்து, பக்கத்திலேயே சொரசொரப்பான துணியையோ சுள்ளியையோ நிமிர்த்தி வையுங்கள், வெளியே வந்ததும் அதைப் பிடித்து ஏறிக்கொள்ளும். ஆனால் கூட்டுப்புழு முழுக்கக் கருகின மாதிரி கறுத்து, தொட்டால் கொழகொழவென்று இருந்தாலோ, உடம்பில் ஊசிமுனை அளவு வட்டமான துளைகள் தெரிந்தாலோ அது பிழைக்காது. துளை என்றால் குட்டிக் குளவி வேலை. கூட்டுப்புழு இன்னும் இளசாக இருக்கும்போதே உள்ளே முட்டையிட்டுவிட்டுப் போகிற குளவிகள் உண்டு. சில ஈக்களும் புழுவுக்குள்ளேயே வளர்கின்றன. செடியிலிருந்து பெரிய புழுவாக எடுத்து வந்தால் இந்த ஏமாற்றம் அடிக்கடி வரும், முட்டையாகவே எடுத்து வந்தால் குறையும். கொழகொழவென்று ஆனதை மட்டும் உடனே அப்புறப்படுத்தி, பெட்டியைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவி வெயிலில் காயவையுங்கள், அது மற்றதற்கும் தொற்றக்கூடியது.

பத்து நாள் போல ஆகும். வெளிவருவதற்கு முதல் நாள் கூடு கறுத்து, உற்றுப் பார்த்தால் உள்ளே இறக்கையின் புள்ளிகள் தெரியும். கூடு பிளந்து பட்டாம்பூச்சி வருவது பெரும்பாலும் காலையில்தான், சில நிமிடங்களில் முடிந்துவிடும், காபி போடப் போய்விட்டுத் திரும்பினால் தவறவிட்டுவிடுவீர்கள். வந்ததும் இறக்கை கசங்கின துணி மாதிரி சின்னதாக இருக்கும். மேலே ஏறித் தலைகீழாகவோ சாய்வாகவோ தொங்கி, உடம்பிலிருக்கும் திரவத்தை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தி விரிக்கும். தொங்க இடமில்லாவிட்டால் இறக்கை மடங்கினபடியே காய்ந்துவிடும், அப்புறம் அதைச் சரிசெய்யவே முடியாது. உதவுகிறேன் என்று கை வைக்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் பழுப்பாக ஒரு நீர் சொட்டும், அது இரத்தம் இல்லை, கூட்டுக்குள் சேர்ந்த கழிவு.

இப்போது யார் வந்திருக்கிறார் என்று பாருங்கள். கறுப்பு இறக்கை, பின் இறக்கையின் குறுக்கே மல்லிகைச் சரம் மாதிரி வெள்ளைப் புள்ளிகள் ஒரே வரிசையாக இருந்தால் ஆணாக இருக்கலாம். "இருக்கலாம்" என்றுதான் சொல்கிறேன், ஏனென்றால் பெண்ணில் மூன்று வடிவம் உண்டு. ஒன்று அப்படியே ஆண் மாதிரி. இன்னொன்று பின் இறக்கையின் நடுவில் வெள்ளைத் திட்டும் ஓரத்தில் சிவப்புப் பிறைகளுமாக, காமன் ரோஸ் என்கிற வேறொரு பட்டாம்பூச்சியின் நகல். மூன்றாவது வெள்ளைத் திட்டு இல்லாமல் சிவப்புப் புள்ளிகள் மட்டும் வரிசை கட்டி, கிரிம்சன் ரோஸின் நகல். இந்த இரண்டு ரோஸ்களின் புழுக்களும் ஆடுதீண்டாப்பாளை, ஈசுரமூலி வகைச் செடிகளைத் தின்று அதன் நஞ்சைத் தங்கள் உடம்பில் சேர்த்துக்கொள்கின்றன, ஒரு தடவை கடித்த குருவி மறுபடி தொடாது. கறிவேப்பிலை தின்று வளர்ந்த நம் அழகியிடம் அந்த நஞ்சு இல்லை, உடையை மட்டும் கடன் வாங்கிப் பிழைக்கிறது. ஒரே ஆணுக்கு இத்தனை விதமான மனைவிகளா என்பதால்தான், முன்பு பலதார மணம் செய்துகொண்ட மார்மன் சமயத்தாரின் பெயரை ஆங்கிலேயர்கள் இதற்கு வைத்தார்கள்.

அசலையும் நகலையும் பிரிக்க ஒரே ஒரு இடத்தைப் பார்த்தால் போதும், உடம்பு. ரோஸ்களின் தலையிலும் உடம்பிலும் சிவப்பு இருக்கும், நகலின் உடம்பு சுத்தக் கறுப்பு. தோட்டத்தில் பறக்கும்போதும் தெரியும், ரோஸ் அவசரமே இல்லாமல் பறக்கும், நம் அழகி மிரண்டால் வேஷத்தை மறந்து வேகம் எடுத்துவிடும்.

இந்த மூன்று பெண்களும் ஒரே இனம்தான் என்று ஆல்ஃபிரட் ரசல் வாலஸ் என்கிற இயற்கை ஆய்வாளர் 1865-இலேயே எழுதினார். இலங்கையில் ஃபிரையர் என்பவர் இதே மாதிரி தலைமுறை தலைமுறையாகப் புழு வளர்த்து, எந்தத் தாய்க்கு எந்த மகள் பிறக்கிறாள் என்று கணக்கெடுத்து 1913-இல் வெளியிட்டார். ரோஸ் வேடத்துக்கான மரபுக் காரணியை ஆணும் சுமக்கிறது, ஆனால் தன் இறக்கையில் காட்டுவதில்லை. நூறு வருடம் கழித்து, 2014-இல், கிருஷ்ணமேக் குண்டேயும் உடன் ஆய்வு செய்தவர்களும் டபுள்செக்ஸ் என்ற ஒற்றை மரபணுதான் இந்த உடை மாற்றத்தை நடத்துகிறது என்று காட்டினார்கள். பூச்சிகளில் ஆண் பெண் வேறுபாட்டை உருவாக்குகிற அதே மரபணு.

இறக்கை காய ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். முதல் நாள் உணவு தேவைப்படாது, சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க வேண்டிய அவசியமில்லை. மழை இல்லாத நேரமாகப் பார்த்து, மதியத்துக்குள், இட்லிப்பூச் செடியிலோ செம்பருத்தியிலோ ஏற்றிவிடுங்கள், விரலை முன்னால் நீட்டினால் தானாக ஏறும், இறக்கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், செதில்கள் உதிர்ந்துவிடும். மாடியில் ஒரு தட்டில் மணலை ஈரமாக வைத்தால் ஆண்கள் வந்து உட்கார்ந்து உப்புச் சத்தை உறிஞ்சும், அதில் ஒரு பங்கு இணை சேரும்போது பெண்ணுக்குப் போய்ச் சேர்கிறது.

மொட்டையான செடிக்குக் கொஞ்சம் மக்கிய சாணமும் புளித்த மோரும் ஊற்றுங்கள், துளிர்த்துவிடும். அப்புறம் ஒரு நோட்டு போட்டு, முட்டையிட்ட தாயை உங்கள் கண்ணால் பார்த்திருந்தால் அது எந்த வடிவம், பிறந்த மகள்கள் எந்த வடிவம் என்று தேதியோடு எழுதி வையுங்கள். சிவப்புப் புள்ளித் தாய்க்கு ஆண் மாதிரியே வெள்ளைச் சரம் போட்ட மகளும் பிறப்பதுண்டு, என் நோட்டில் அப்படி இரண்டு இருக்கின்றன.